ஆறாவது வாரத்துக்காரர்கள்

வெர்ன் ஹாலருக்குத் தேதி தப்பியதே கிடையாது. இதைச் சொல்வது வேறு யாருமில்லை, வெர்ன் ஹாலர்தான். பஃபலோ நகரத்தின் பள்ளிக்கூட பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, நூற்றிருபது பஸ்களுக்கு நேரம் போட்டுக் கொடுத்த மனிதர். அவர் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிவிட்டது. அந்த வீம்பு மட்டும் இன்னும் வேலையில்தான் இருந்தது.

ஆகவே பிப்ரவரி பதினொன்று, சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, செயின்ட் மார்ட்டின் தீவில் அந்த விடுதியின் வரவேற்பு மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, "முந்நூத்தி ஏழு. ஹாலர். சாவி குடும்மா" என்று அவர் கேட்டபோது, பின்னால் பெட்டிகளோடு நின்றிருந்த குடும்பத்தில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே வாசகம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தது யுலாலி. அந்தத் தீவிலேயே பிறந்தவள். விடுதி திறந்த நாளிலிருந்து அதே நாற்காலியில் இருக்கிறாள்.

"அட, வெர்ன் சார்! வாங்க வாங்க. டோரீனம்மா, இடுப்பு எப்படி இருக்கு? ஆமா, என்ன இந்த வாரமே வந்துட்டீங்க?"

"எங்க வாரத்துக்கு நாங்க வராம வேற யாரு வருவா?"

"உங்களுது ஏழாவது வாரமாச்சே சார். இன்னைக்கு ஆரம்பிக்கிறது ஆறாவது வாரம்."

டைம்ஷேர் வீடு என்றால் அப்படித்தான். முந்நூற்று ஏழாம் எண் வீட்டுக்கு ஐம்பத்திரண்டு குடும்பங்கள் சொந்தம், ஆளுக்கு வருடத்தில் ஒரு வாரம். சனிக்கிழமை நாலு மணிக்கு உள்ளே வந்து, அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் துடைத்துவிட்டதுபோல் வெளியேறிவிட வேண்டும். உங்கள் வாரத்தில் நீங்கள் ராஜா. அதற்கு முந்தின நாள் உங்களுக்கு அங்கே நிற்கக்கூட உரிமை இல்லை.

வெர்ன் சிரித்தார். பாவம், யுலாலிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "இங்க பாரு யுலாலி. போன வருஷம் நம்ம வாரம் பன்னண்டாம் தேதி ஆரம்பிச்சுது. வருஷா வருஷம் ஒரு நாள் முன்னால வரும். அப்ப இந்த வருஷம் பதினொண்ணு. இதுகூடத் தெரியாமலா முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டினேன்?"

"சரிதான் சார். ஆனா போன வருஷம் ஜனவரி ஒண்ணும் சனிக்கிழமை, டிசம்பர் முப்பத்தொண்ணும் சனிக்கிழமை. அம்பத்திமூணு சனி வந்துடுச்சு. அதனால இந்த வருஷம் முதல் வாரமே ஜனவரி ஏழாம் தேதி சனிக்கிழமைதான் ஆரம்பிச்சுது, எல்லா வாரமும் ஒண்ணு தள்ளிப் போயிருக்கு. உங்களுது பதினெட்டாம் தேதி." யுலாலி காலண்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா வர்றதுதானே. மெயில்லகூடப் போட்டோமே."

அந்த மெயிலை வெர்ன் திறக்கவே இல்லை. காலண்டரையே பார்த்தார். விரலால் ஒவ்வொரு சனிக்கிழமையாகத் தொட்டுக்கொண்டு போனார். மறுபடி முதலிலிருந்து தொட்டார். கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது.

"இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒருதடவகூட வந்ததில்லையே" என்றார், குரல் இறங்கி.

"வந்துச்சு. மூணு தடவ வந்துச்சு" என்றாள் அவர் மனைவி டோரீன். கைத்தடியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "ஒவ்வொரு நவம்பரும் நான் யுலாலிக்குப் போன் பண்ணிக் கேட்டுப்பேன். கேட்டுட்டு உன் காலண்டர்ல பென்சிலால சின்னதா ஒரு புள்ளி வச்சிடுவேன். நீ அதப் பாத்துட்டு, நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சேன்னு ஊரெல்லாம் பீத்திக்குவ. போன நவம்பர்ல நான்தான் இடுப்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில கெடந்தேனே."

யுலாலி சட்டென்று கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது வெர்னுக்குத் தெரிந்தது.

இருபத்திரண்டு வருடப் பெருமை ஒரு பென்சில் புள்ளியில் போய் முடிந்ததே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர் திரும்பி மகளைப் பார்த்தார்.

ஜனவரியில் அம்மாவிடம் போனில் பேசும்போது, "தேதி சரியான்னு ஒருதடவ கேட்டுக்கச் சொல்லும்மா, எனக்கு அந்த ஒரு வாரந்தான் முடியும்" என்று பெத்தனி சொன்னதும், பக்கத்திலிருந்த வெர்ன், "எனக்கா சொல்றா?" என்று கத்தியதும் அங்கே இருந்த மூவருக்கும் நினைவில் இருந்தது. அவள் அதை எடுத்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசாமல் கைப்பேசியை எடுத்து, திரும்பிப் போகும் விமானங்களைத் தேட ஆரம்பித்தாள். காலடியில் அவள் மகள் பைப்பர், எட்டு வயது, பெட்டிமேல் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் மணல் எங்கிருந்து கிடைத்ததோ.

"அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்தார் வெர்ன்.

"அடுத்த வாரம் பைப்பர் ட்ரென்ட்கிட்ட இருக்கணும்" என்றாள் பெத்தனி, தலையை நிமிர்த்தாமல். "அது உங்களுக்கே தெரியுமே."

தெரியும். நன்றாகவே தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால், இதே முந்நூற்று ஏழாம் எண் வீட்டு மாடத்தில் உட்கார்ந்துதான், புருஷன் ட்ரென்டை விட்டு வரப்போவதாக பெத்தனி சொன்னாள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். அன்று சாயங்காலமே வெர்ன் கீழே போய் ட்ரென்டுக்குப் போன் போட்டார். நல்ல பையன், விஷயம் தெரிந்தால் ஓடி வந்து சமாதானம் பண்ணுவான் என்று அவர் கணக்கு. ட்ரென்ட் ஓடினான், வக்கீலிடம். பெத்தனி ஊர் திரும்புவதற்குள் மனு தயார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தான். கடைசியில் கோர்ட்டு குழந்தையை வாரக் கணக்கில் பங்கு போட்டது.

அதற்குப் பிறகு பெத்தனி அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். 'நல்லதுக்குத்தானே செஞ்சேன்' என்று வெர்ன் நாலு வருடமாக டோரீனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டோரீன் பதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு டோரீன் கேட்டாளே என்றுதான் மகள் இந்த முறை வரச் சம்மதித்தாள். விமானத்தில்கூட அம்மா பக்கத்தில் அவளும் குழந்தையும், பின்வரிசையில் தனியாக வெர்ன். இப்போது திரும்பிப் போனாள் என்றால் அவ்வளவுதான், மறுபடி வரமாட்டாள். இதற்குக் காலண்டர் பார்க்க வேண்டிய அவசியம் வெர்னுக்கு இல்லை.

யுலாலி நாலு விடுதிகளுக்குப் போன் செய்து பார்த்தாள். பிப்ரவரி மாதம், பனியில் உறைந்த ஊர்க்காரர்கள் எல்லாம் இந்தத் தீவில்தான் கிடப்பார்கள். ஒரு கட்டில்கூடக் காலி இல்லை.

"நாளைக்குக் காலைல ரெண்டு சீட் இருக்கு" என்றாள் பெத்தனி. "ராத்திரி ஏர்போர்ட்டுல படுத்துக்கறோம்."

"இரு. ஒரு அஞ்சு நிமிஷம் இரும்மா" என்ற வெர்ன் மேஜைமேல் குனிந்தார். "யுலாலி, ஏதாவது வழி சொல்லேன்."

யுலாலி குரலைத் தாழ்த்தினாள். "முந்நூத்தி ஏழுல இந்த வாரம் ரெண்டே பேருதான் சார். கனடாக்காரங்க, மக்நாட் தம்பதி. இன்னொரு படுக்கை அறை சும்மாதான் கெடக்கு. நானாக் கேக்கக் கூடாது. நீங்களாப் போய்க் கேட்டா அது உங்க பாடு."

வேறு யாராக இருந்தாலும் வெர்ன் கேட்டிருப்பார்.

விஷயம் இதுதான். ஆறாவது வாரத்துக்காரர்களை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் வெளியேறிய வீட்டில்தான் ஒவ்வொரு வருடமும் நுழைகிறார். வெட்டுக்கத்தி மழுங்கியிருக்கும், காபி இயந்திரத்தில் பழைய தூள் இருக்கும், நாற்காலிகள் இடம் மாறியிருக்கும். கிளம்பும்போது சமையலறை அலமாரியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வருவார். 'ஆறாவது வாரத்துக்கு: கத்தியைத் தீட்டி வைக்கவும்.' 'ஆறாவது வாரத்துக்கு: நாற்காலி நான்கு, மாடத்தில் இரண்டு, உள்ளே இரண்டு. எண்ணத் தெரியும் என்று நம்புகிறேன்.' அடுத்த வருடம் அந்த இடத்தில் பதில் சீட்டு இருக்கும். 'ஏழாவது வாரத்துக்கு: ரம் பாதி பாட்டில் வைத்திருக்கிறோம், குடித்துக்கொள்ளுங்கள்.' அவர்களுக்குச் சூடு சொரணையே கிடையாது என்று வெர்ன் சொல்வார், அந்த ரம்மைக் குடித்துக்கொண்டே.

இப்போது அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். தனியாகப் போய்விட்டு வரலாம் என்று பார்த்தார். லிஃப்ட் திறந்ததும் பைப்பர் முதலில் ஏறிக்கொண்டாள். அவளைப் பிடிக்க பெத்தனி ஏறினாள், கூடவே டோரீனும் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்றாவது மாடியில் இறங்கி வெர்ன் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். தலையில் ஈரத்துண்டு, கையில் பாதி நறுக்கிய மாம்பழம்.

"மன்னிக்கணும். நான் ஹாலர். நாங்க வந்து... ஏழாவது வாரம்."

அம்மாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு உள்ளே திரும்பி ஒரு கூச்சல் போட்டாள். "ஹ்யூ! ஹ்யூ! எந்திரிச்சு வா, கத்திக்காரர் வந்திருக்கார்!"

நீச்சல் நிஜாருடன் நெட்டையான கிழவர் ஒருவர் ஓடிவந்தார். "அட, நீங்கதானா? இருபது வருஷமா உங்க சீட்டெல்லாம் இவ பத்திரமா வச்சிருக்கா தெரியுமா? வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுவா. எண்ணத் தெரியும் என்று நம்புகிறேன்! அடேயப்பா, அன்னைக்கு நாங்க சிரிச்ச சிரிப்பு!"

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நான் ஆர்லீன்" என்றாள் அம்மாள். "என்ன, சோதனை பண்ண வந்தீங்களா? கத்தி மழுங்கித்தான் கெடக்கு, இப்பவே சொல்லிடறேன்."

"இல்ல... இந்த விடுதிக்காரங்க வாரக் கணக்கத் தள்ளிப் போட்டுட்டாங்க. ஒழுங்காச் சொல்றதில்ல. அதனால..." வெர்ன் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டார்.

"இது நம்ம வீடு இல்லையா தாத்தா?" என்று பைப்பர் குறுக்கே கேட்டாள்.

"இந்த வாரம் எங்க வீடு கண்ணு" என்றாள் ஆர்லீன் குனிந்து. "அடுத்த வாரம் உங்க வீடு."

"ஓ, என்ன மாதிரி" என்றாள் பைப்பர். "நானும் அப்படித்தான். இந்த வாரம் அம்மாவோட வாரம், அடுத்த வாரம் அப்பாவோட வாரம். சனிக்கிழமையானா மாறணும்."

வருத்தமாகச் சொல்லவில்லை. எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று கேட்டால் சொல்வார்களே, அதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு ஆர்லீனின் கையிலிருந்த மாம்பழத்தைப் பார்த்தாள். ஆர்லீன் ஒரு துண்டை அவளிடம் கொடுத்தாள்.

வெர்ன் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். மாடத்தின் கதவு திறந்திருந்தது. அங்கிருந்த நாற்காலியில்தான் பெத்தனி அன்று உட்கார்ந்திருந்தாள். நாற்காலிகள் இன்றைக்கும் மூன்று வெளியே, ஒன்று உள்ளே. அதையும் அவர் கண் எண்ணியது, சனியன் பிடித்த கண்.

"இல்லீங்க" என்றார். "விடுதிக்காரங்க தப்பு ஒண்ணுமில்ல. தேதிய நான்தான் தப்பாப் போட்டேன். கேட்டுப் பாருன்னு என் பொண்ணு சொன்னா. எனக்கே சொல்றாளான்னு குதிச்சேன். அவளுக்குக் கெடைச்சது இந்த ஒரு வாரம். அது போகக் கூடாது. எங்க ரெண்டு பேருக்கும் வேண்டாம், நாங்க எங்கயாவது போய்க்கறோம். அவளுக்கும் குழந்தைக்கும் அந்தச் சின்ன ரூம் மட்டும் குடுங்க. அடுத்த வாரம் எங்க வாரம் முழுசையும் நீங்களே எடுத்துக்குங்க."

ஆர்லீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெர்ன் அதற்குள் மகள் பக்கம் திரும்பிவிட்டார். இப்போது விட்டால் இனி வாய் வராது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"ட்ரென்டுக்கு நான் போன் பண்ணினேனே. அதுவும் தப்பு. ரொம்பப் பெரிய தப்பு. நல்லதுக்குன்னு இத்தனை நாளாச் சொல்லிட்டிருந்தேன். இல்லம்மா. நான் நெனச்சதுதான் சரின்னு காட்டணும்னு செஞ்சேன். உன்னக் கேக்கணும்னுகூடத் தோணல."

வெளியே ஒரு விமானம் கூரைக்குமேல் இறங்கிப் போயிற்று. அந்தச் சத்தம் அடங்குகிறவரை பெத்தனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவளும் வெர்ன் பெற்ற பெண்தானே.

"தப்புன்னு எனக்கு நாலு வருஷமாத் தெரியும்" என்றாள். "உங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியாம இருந்துச்சு."

"தெரியும்" என்றார் வெர்ன்.

"உள்ள வந்து பேசுங்களேன், ஏசி காத்தெல்லாம் வெளியே போகுது" என்றார் ஹ்யூ. "யாரும் எங்கயும் போக வேண்டாம். ஹால்ல சோபாவ இழுத்தா கட்டிலாகுது. போன வருஷம் நீங்கதானே சீட்டு எழுதினீங்க, அத மடிக்கும்போது இடது பக்கம் முதல்ல தூக்கணும்னு."

"இப்ப முதல்ல கத்தியத் தீட்டிக் குடுக்கச் சொல்லு" என்றாள் ஆர்லீன். "மாம்பழம் அறுக்கவே வரமாட்டேங்குது."

பைப்பர் ஏற்கெனவே மாடத்தில் இருந்தாள். பெத்தனி கைப்பேசியில் எதையோ மூடிவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பெட்டிகளை எடுத்துவர அப்பாவோடு அவளும் கீழே வந்தாள். லிஃப்டில் இரண்டே பேர். வெர்ன் எண் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது மாடி தாண்டியதும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"அடுத்த வருஷமும் வருவியாம்மா?"

பெத்தனி யோசித்தாள். லிஃப்ட் நின்று கதவு திறந்தது. எதிரே மேஜைக்குப் பின்னாலிருந்து யுலாலி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா தேதி சொன்னா வரேன்" என்றாள் பெத்தனி.