முனகும் பெட்டி

மடக்கு போனைத் திறந்து, கீழ்ச்சத்தத்துக்கென்று இருக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியின் துணி போர்த்திய முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, வீட்டின் நிலவறைத் தரையில் மண்டி போட்டிருந்தேன். "இப்ப அந்த முனகல் கேக்குதாடா?" என்று கத்தினேன். பீனிக்ஸில் இருக்கிற என் மகன் டாரனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா, நீங்க கத்துறதுதான் கேக்குது. வேற சத்தமே இல்ல. ஜனவரியில டாக்டரைப் பாக்குறப்ப இதையும் சொல்லிடுவோம்" என்றான்.

இதையும் என்றால் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு தடவை அடுப்பை அணைக்க மறந்தேன். ஒரு தடவை காரை மளிகைக்கடை வாசலில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். இப்போது இல்லாத சத்தம் கேட்கிறது. அக்டோபரில் வந்தபோது சமையலறை மேசையில் ஒரு வழவழப்பான புத்தகம் வைத்துவிட்டுப் போயிருந்தான். முதியோர் விடுதி. அட்டையில் நாலு கிழடுகள் ஒரு பலூனைப் பார்த்துச் சிரிக்கின்றன. அந்த வயசில் பலூனைப் பார்த்துச் சிரிக்கிறவனை நான் நம்பமாட்டேன். ஜனவரியில் டாக்டர் தலையாட்டினால் வீட்டை விற்றுவிட்டு என்னை அங்கே கொண்டுபோய் விடுவதாகத் திட்டம்.

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் சாகினாவில் முப்பத்தோரு வருஷம் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் நின்றவன். மோட்டார் முனகுவது வேறு, மின்சாரம் முனகுவது வேறு. இது மின்சாரம். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒரே சுருதியில், வயிற்றுக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி.

அந்தப் பெட்டியை என் மனைவி நோரீனுக்காக வாங்கினேன். கடைசி நாலு வருஷம் அவளுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. யாரோ வீட்டைக் காலிசெய்து வாசலில் விற்கப் பரப்பி வைத்திருந்ததில் கிடைத்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் முட்டவைத்தேன். படத்தில் ரயில் வந்தால் முதுகில் தெரியும். "வருது, லைல்" என்று என் கையைப் பிடிப்பாள். அவள் போன பிறகும் அது முனகியதில்லை. இந்த அக்டோபரிலிருந்துதான்.

இரும்புக்கடை ராய்ஸிடம் போய்ச் சொன்னேன்.

"போன்ல வச்சா எப்படிய்யா கேக்கும்? அது மனுஷன் பேசுறதுக்குச் செஞ்சது. இவ்வளவு கீழ்ச்சத்தம் அதுல ஏறாது."

"அப்ப என் மகன் செவிடு இல்லங்கிற."

"செவிடு இல்ல. உன் மகன், அவ்வளவுதான்." கல்லாப் பக்கத்து டப்பாவிலிருந்து, மூணு பின் பிளக்கை ரெண்டு பின்னாக்குகிற சாம்பல் நிறக் கட்டை ஒன்றை எடுத்துப் போட்டான். "ஊரே இதத்தான் வாங்கிட்டுப் போகுது. எர்த்தைக் கழட்டிவிட்டா முனகல் போயிடும். நேரம் சரியில்லன்னா ஆளும் போயிடுவான்."

"விக்கிறவனே இப்படிச் சொன்னா எவன்டா வாங்குவான்?"

"நீ வாங்கமாட்டேன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். போய் ஒவ்வொரு வயரா புடுங்கு. எதைப் புடுங்குனா நிக்குதோ அவன்தான் திருடன்."

எர்த் பின் ஒடிந்த டிரில்லைப் பிடித்தபடியே செத்துப்போன ஒருத்தனை நான் பார்த்திருக்கிறேன். கட்டையைத் திருப்பி டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு இறங்கினேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெட்டிக்கு வருகிற வயரைப் பிடுங்கினேன், அமைதி. அப்படியென்றால் பெட்டி யோக்கியன். திரும்பச் செருகினேன், முனகல். டிவிக்குப் பின்னால் முழங்காலில் தவழ்ந்து நுழைந்து, டிஸ்க் பிளேயரைப் பிடுங்கினேன். முனகல். ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிவிக்குப் போவதைப் பிடுங்கினேன். முனகல். ஒவ்வொரு தடவையும் தவழ்ந்து வந்து பெட்டியில் காதை வைத்தேன். "யாருடா நீ, வெளிய வா" என்று அதோடு பேசவும் செய்தேன். தனியாக இருக்கிறவன் எதோடாவது பேசத்தான் செய்வான்.

கடைசியாக மிச்சமிருந்தது, சுவரைத் துளைத்து வந்து, கேபிள் டப்பா வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற கறுப்புக் கேபிள். "பேஸ்பால் பாருங்கப்பா" என்று டாரன் அக்டோபரில் ஆள் வைத்து இழுத்துக்கொடுத்தது. அதன் திருகாணியைக் கழற்றினேன்.

நின்றது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லமாட்டேன். தரையில் அப்படியே உட்கார்ந்தேன். என் தலை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கேபிள்காரன் வெளியே எர்த்தை ஒழுங்காகக் கட்டாமல் போயிருக்கிறான். என் வீட்டு எர்த்தும் அவன் எர்த்தும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. அவ்வளவுதான் சங்கதி.

போன் அடித்தது. மூணு வாரமாகத் தானாக அழைக்காதவன்.

"அப்பா, ஒண்ணும் ஆகலையே? டிவிக்குப் பின்னால என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"கண்டுபிடிச்சிட்டேன்டா, நீ போட்ட கேபிள்தான்..." என்று ஆரம்பித்தவன் நின்றேன். நான் டிவிக்குப் பின்னால் இருந்தது இவனுக்கு எப்படித் தெரியும்?

அலமாரியில் முட்டை மாதிரி ஒரு வெள்ளைச் சாமான். சிக்னலுக்கு என்று சொல்லி அதே அக்டோபரில் டாரன் வைத்துவிட்டுப் போனது. அதன் வயிற்றில் எரிகிற பச்சைப் புள்ளி இப்போது சிவப்பாகச் சிமிட்டியது. அந்தக் கேபிளில்தான் அதுவும் ஓடியிருக்கிறது; கேபிள் போனதும் அதற்கும் கண் போயிருக்கிறது. ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிறவன் நான். அதை மட்டும் தூசி தட்டி வைத்திருந்தேன்.

"எத்தனை நாளா பாக்குறே?"

"நீங்க விழுந்துட்டா யாருக்குத் தெரியும்னுதான்ப்பா..."

"அந்த முட்டைக்குக் காது உண்டா?"

"உண்டு. ஆனா அதுல அப்படி எந்தச் சத்தமும் வரல. நீங்க தரையில தவழுறது, பெட்டியில காதை வச்சுப் பேசுறது, அதான் வருது. போன வாரத்து வீடியோவை டாக்டருக்கு அனுப்பிட்டேன்ப்பா."

"முனகல் நின்னுபோச்சு, டாரன். கேபிளைக் கழட்டினதும் நின்னுபோச்சு."

"சரிப்பா. நல்லது. மறுபடி மாட்டி விட்டுடுங்க, என்ன?"

பிள்ளைக்குச் சமாதானம் சொல்கிற குரல். அவனுக்கு நாலு வயதில் கட்டிலுக்கடியில் பூதம் என்று அழுதபோது நான் அப்படித்தான் பேசினேன். ஆனால் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

போனை மூடினேன். எல்லா வயரையும் செருகினேன். கேபிளையும் இறுக்கமாகத் திருகினேன். முனகல் எழுந்தது. சிவப்பு பச்சையானது.

பிறகு பெட்டியை நோரீனின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து இழுத்து, முட்டையின் கண்ணுக்கு நேராக வைத்தேன். மேலே போய் அவளுடைய தகரத் தட்டில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் எடுத்துவந்து பெட்டியின் தலையில் வைத்தேன். பின்னால் இருந்த சத்தக் குமிழைக் கடைசி வரை திருப்பினேன். விளக்கைத் தட்டுக்கு நேராகச் சாய்த்தேன்.

தண்ணீரில் பொடிப்பொடியாக வளையங்கள். விளிம்பிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து விளிம்புக்கு, ஓயாமல்.

மறைக்காமல் ஒதுங்கி, அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். போன் மடியில் இருந்தது. தட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது.