கடைசி இலக்கம்

கல் வெட்டுகிறவர் கல்லறைக் கல்லில் சாக்பீஸால் எழுதி முடித்து, எட்ட நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மேலே இறந்தவளின் பெயர், கீழே பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும், அதற்கும் கீழே தனியாக ஓர் எண்: 1174.

"இது என்ன, வீட்டு நம்பரா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி எண்ணினது. அவளுக்கு முன்னாடி யாரும் எண்ணினதில்ல" என்றார் லிஃப்ட் மெக்கானிக். மனைவி போன பிறகு அவர் குரலில் பெருமை ஏறியது அன்றுதான்.

பட்டறை வாசலிலேயே பேராசிரியை நின்றுவிட்டாள். அந்த எண் தப்பு என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

அவளும் இறந்தவளும் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து குலங்களை எண்ணியவர்கள். ஒரு சதுர அட்டையைத் திருப்பியோ கவிழ்த்தோ பழைய இடத்திலேயே பொருந்த வைக்க எட்டு வழி உண்டு. எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் அந்த எட்டில் ஒன்றில்தான் வந்து நிற்கும். கணக்கில் அப்படிப்பட்ட கூட்டுக்குப் பெயர் குலம். எட்டு உறுப்பு என்றால் ஐந்து விதக் குலங்கள்தான் அமையும். பதினாறுக்குப் பதினான்கு, முப்பத்திரண்டுக்கு ஐம்பத்தொன்று. ஒரே பகா எண்ணைத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டு போனால் புற்றீசல்தான். இவர்கள் ஐந்தின் ஓர் அடுக்கை எடுத்துக்கொண்டு, ஒரு நிபந்தனைக்குள் அடங்கும் குலங்கள் மொத்தம் எத்தனை என்று பல வருஷமாக எண்ணினார்கள். மெக்கானிக் அதை "குலம் கோத்திரம் பாக்குற உத்தியோகம்" என்பார். அவரையும் மனைவியையும் சேர்த்து வைத்ததே பழுதான ஒரு லிஃப்ட்தான். அவர் வியர்த்து விறுவிறுத்துக் கதவைத் திறந்தபோது, உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவள், "இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருக்கக் கூடாதா? இப்பத்தான் பிடி கிடைச்சுது" என்று எரிந்து விழுந்தாளாம்.

நோய் முற்றி, தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காத நாட்களில் ஒரு மதியம், அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "ஏய், ஒண்ண விட்டுட்டோம்டி!" என்று சிரித்தாள். வாய்விட்ட சிரிப்பு. ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று, நான்கு ஆனது. மெக்கானிக் குழந்தை பிறந்த மாதிரி வராந்தாவில் ஓடி நர்ஸுகளிடமெல்லாம் சொன்னார். அதன்பின் அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை.

கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் பேராசிரியை மறுபடி சரிபார்த்தாள். புதிய குலமும் முன்பே எண்ணியிருந்த ஒன்றும் எல்லா அளவிலும் ஒத்துப்போயின. இரண்டும் வேறு வேறு என்று நிரூபிக்க அவள் படாத பாடு பட்டாள். தோழிக்காக எப்படியாவது ஒரு வித்தியாசம் அகப்படாதா என்று தவித்தாள். கடைசியில் ஓர் உறுப்பின் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றாகிப் போயின.

"அண்ணா, கொஞ்சம் வெளிய வரீங்களா?"

"இங்கயே சொல்லும்மா. கல்லு எப்படி இருக்கு?"

"அந்த நம்பர்ல ஒண்ணு கூடுதலா இருக்குண்ணா. கடைசியா சேத்தது..."

அவர் கல்லைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார். "ஆஸ்பத்திரில கண்டுபிடிச்சாளே, அதுவா? அப்படி ஒண்ணு இல்லவே இல்லையா?"

"இருக்கு. ஆனா ஏற்கெனவே எண்ணினதுதான். ஒரே ஆள வீட்ல ஒரு பேரு, வெளிய ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டா, ரெண்டு ஆளுன்னு நெனச்சுக்குவோமே, அந்த மாதிரி."

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அறுப்பு இயந்திரம் நின்றது.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"நல்லவேளை" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, முகம் கோணிக்கொண்டது. "அன்னிக்குச் சிரிச்சாளேம்மா. நான் பாத்தேனே. அதையும் கழிச்சுடுவீங்களா?"

பேராசிரியை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "கல்லுல இப்படியே இருக்கட்டும்ண்ணா. கட்டுரையில மட்டும் மாத்திக்கறேன். இங்க யாரு வந்து சரிபாக்கப் போறா?"

அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "கடிகாரம் ஒரு நிமிஷம் முன்னால ஓடினாலே என்னத் தூங்க விடமாட்டா. தப்பு நம்பருக்குக் கீழ எப்படிம்மா படுத்திருப்பா?"

குனிந்து, வலது கட்டைவிரலை நாக்கில் நனைத்து, அந்த நான்கை அவரே அழித்தார். ஒரே தேய்ப்பில் போகவில்லை. மெல்ல மெல்ல, குழந்தையின் கன்னத்தில் மையைத் துடைப்பதுபோலத் துடைத்தார்.

"அப்ப என்ன போடட்டும்?" என்றார் கல் வெட்டுகிறவர்.

மெக்கானிக் அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு" என்றாள் பேராசிரியை.

உளி முதலில் பெயரில் இறங்கியது. தெறித்த தூசி மெக்கானிக்கின் புருவத்திலும் சட்டையிலும் படிந்தது. அவர் தட்டிவிடவில்லை. வெள்ளை ஒட்டியிருந்த கட்டைவிரலை மட்டும் மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கி, இறுக்கமாக மூடி வைத்துக்கொண்டு நின்றார்.