பாதத்தில் மருதோண்டி இல்லை

ராத்தா அரிப்புத் தாங்காமல் குசினிக் கதவின் விளிம்பில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். எட்டாம் மாதம். வயிறு கதவில் முட்டியது. உம்மா இளையவளான என்னைத்தான் பார்த்தார். மாமி மகளின் கல்யாணத்துக்கு ராத்தாவின் கைகளில் மருதோண்டி போட்டது நான். நிறம் பிடிக்கட்டும் என்று கோனுக்குள் யூக்கலிப்டஸ் எண்ணெய் கலந்ததும் நான்.

"படிச்ச புள்ள கலந்ததுதானே," என்றார் உம்மா.

"விடுங்க உம்மா. இவட கல்யாணத்துக்கு நான் போட்டு விடுறன், மிளகாய்த்தூள் கலந்து," என்றாள் ராத்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையில் அந்தக் கடி தொடங்கிய அன்றே மிஞ்சிய கோனை என் முழங்கையில் பூசிப் பார்த்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஆனால் என் தோலும் அவள் தோலும் ஒன்றா?

நேற்று மாலை இரசாயனவியல் வகுப்பில் குணேஸ்வரி மிஸ் ஐந்து காபன் கொண்ட ஒரு சிறு துண்டைப் பலகையில் வரைந்தார். இரண்டு துண்டு சேர்ந்தால் யூக்கலிப்டஸின் வாசம். ஆறு சேர்ந்து மடிந்தால் கொலஸ்திரோலுக்குப் போகும் வழி. அதிலிருந்துதான் கர்ப்பத்தைக் காக்கும் ஓமோன்களும், கொழுப்பைக் கரைக்கும் பித்த உப்புகளும் வருகின்றன.

"சில தாய்மாருக்குக் கடைசி மாதங்களில ஓமோன் கூடி, ஈரல்ல பித்தம் ஓடுறது மந்தமாகும். உப்பு இரத்தத்தில தங்கும். தோல்ல ஒண்டும் தெரியாது, கடி மட்டும்தான். ஆபத்து பிள்ளைக்கு," என்றார்.

பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்வரை, ராத்தாவுக்கும் அதுதான் என்று நம்பினேன். இறங்கியதும் நம்பிக்கை போய்விட்டது. எண்ணெயும் பித்தமும் அதே துண்டிலிருந்து வந்தவை. இரண்டில் எனக்கு வசதியானதை நான் பிடித்துக்கொள்கிறேனோ? பழி என்மேல் இருக்கும்போது, என்னை விடுவிக்கிற விளக்கத்தை நானே கொண்டுவந்தால் யார் கேட்பார்கள்?

"ராத்தா, வேற எங்கயும் கடிக்குதா?"

"உள்ளங்கால்ல. கையவிட அங்கதான் கூட."

"பாதத்துக்கு மருதோண்டி போடலையே."

தேய்ப்பது நின்றது. உம்மா விடவில்லை. "வெக்கைக்கு அப்பிடித்தான். வியாழக்கிழமை கிளினிக் இருக்கு."

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம். இரத்தம் பாக்கணும்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பிழையெண்டா பிறகு ஏசுங்க."

"ஏச்சு ஏற்கெனவே வாங்கிட்டாய். இனி என்ன புதுசா?" என்றபடி ராத்தா அபாயாவை எடுத்தாள். தலையை உள்ளே நுழைத்தவள், துணிக்குள்ளிருந்தே மெதுவாகச் சொன்னாள்: "நேத்தையிலிருந்து பிள்ளைட அசைவும் கொறவுதான்."

உம்மா குடையை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரச் சுணங்கும் என்றார்கள். ஒரு தாதி ராத்தாவைப் படுக்கவைத்து, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தார். முதலில் இரைச்சல் மட்டும் வந்தது. உம்மாவின் உதடுகள் அசைந்தன. பிறகு, துறைமுகத்துக்குள் எங்கோ தூரத்தில் போகும் படகின் எஞ்சின்போல ஒரு துடிப்பு. கேட்டது, விலகியது. தாதி இடதுபக்கம் நகர்த்தினார். மறுபடி கேட்டது, இம்முறை வேகமாக. நாங்கள் மூச்சை அடக்கி நிற்க, அது மீண்டும் நழுவியது. தாதியின் கை அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.