சுக்கு வாசனை

எறணாகுளம் பேருந்து நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் பாண்டியராஜன் இருக்கைக்கு மேலிருந்த தட்டைக் கையால் துழாவிக்கொண்டு நின்றார். கறுப்புப் பை இருந்த இடத்தில் மடித்த செய்தித்தாள் ஒன்று கிடந்தது. நடத்துநர் வந்து எட்டிப் பார்த்தார். மூவாற்றுப்புழையில் பெருங்கூட்டம் இறங்கியது, தம்முடையதென்று எண்ணி யாரேனும் எடுத்துப் போயிருக்கக்கூடும், அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள் என்று மலையாளத்தில் சொன்னார். மூவாற்றுப்புழை வந்ததும் போனதும் பாண்டியராஜனுக்குத் தெரியாது. அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

பையில் இருந்தவை ஒரு வேட்டி, ஒரு சட்டை, திருநீற்றுச் சம்புடம், வசந்தியின் ஏலக்காய். மற்றவை போனால் போகட்டும். போடிக்கு மேலே மலையில் கணவன் விட்டுப்போன மூன்று ஏக்கர் ஏலத்தோட்டத்தைத் தனியொருத்தியாய்க் காத்து வருபவள் வசந்தி. ஒவ்வொரு காயாகப் பொறுக்கி மாதிரிக்கென்று அரைக்கிலோ எடுத்து, மட்டாஞ்சேரி ஏற்றுமதிக்காரர் ராமபத்ரனிடம் நேரில் காட்டும்படி பாண்டியராஜனிடம் ஒப்படைத்திருந்தாள். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று இருமுறை சொன்னாள். அவர் சிரித்தார். முப்பது ஆண்டுத் தரகில் ஒரு காயைக்கூடத் தவறவிட்டதில்லை என்றார்.

இந்தப் பருவத்துக்கு யார் யாரிடம் காய் எடுப்பது என்பதை ராமபத்ரன் இன்று மாலை ஆறு மணிக்குள் முடிவு செய்துவிடுவார். தொலைபேசியில் அழைத்து, உறங்கிவிட்டேன், பை போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாண்டியராஜன் மூன்று முறை எண்ணைத் தேடி எடுத்தார், மூன்று முறையும் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதுத் தரகன் பேருந்தில் வாய்பிளந்து உறங்கினான் என்பதை எந்தச் சொல்லால் சொன்னாலும் அது அப்படியே கேட்டது.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சில்லறைக் கடை ஒன்றில் அரைக்கிலோ ஏலக்காய் வாங்கினார். பருமனும் பசுமையும் பார்த்துப் பொறுக்கினார். முகர்ந்து பார்க்கவும் செய்தார். ஆனால் அந்தத் தெருவே சுக்கும் மிளகுமாய் மணக்கையில், அதனுள் நிற்கும் மூக்கு எதைப் பிரித்தறியும்? கடைக்காரரிடம் பேனா இரவல் வாங்கிப் பொட்டலத்தின் மேல் வசந்தி என்று தம் கையாலேயே எழுதினார்.

வழியில் பகவதி கோயில். திருநீறு இல்லாத நெற்றியோடு வாசலில் நின்றார். நாள்தோறும் பாடும் பதிகத்தின் முதலடி தானாக நாவில் எழுந்தது. பாட்டு முடியுமுன்னே வேண்டுதலும் எழுந்தது: ராமபத்ரனுக்குத் தெரியாமல் போகட்டும், தாயே. எதைக் கேட்டோம் என்று உறைத்ததும் பதிகத்தைப் பாதியில் விட்டு நடந்தார்.

ராமபத்ரனின் முன்னோர் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் நிலைத்தவர்கள். கிடங்கின் மாடியில், காயலைப் பார்த்த சன்னலோரம் அமர்ந்திருந்த அவர், "வாங்கோ. பஸ் லேட்டாயிடுத்தோ? சாயா குடிக்கலாம்" என்று வரவேற்றார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு காயை நகத்தால் கீறி, மணிகளை நாவிலிட்டுக் கண்ணை மூடினார். இரண்டாவது காயையும் கீறினார்.

"காய் நன்னாத்தான் இருக்கு. பக்ஷே, சுக்கு வாசனை வரதே."

வந்து வைத்த சாயாவைப் பாண்டியராஜன் தொடவில்லை.

"அந்த அம்மாகிட்ட சொல்லுங்கோ. ஏலத்தைச் சுக்குப் பக்கத்துல வெச்சா, அப்புறம் அது ஏலம் இல்லை. புதுசா செய்யறவா, தெரியாது போலிருக்கு."

பிறகு பேனாவை எடுத்து, வசந்தி என்ற பெயருக்குக் கீழே சுக்கு வாசனை என்று மலையாளத்தில் இரண்டு சொற்கள் எழுதினார். பொட்டலத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். வேண்டாமென்று தள்ளிய மாதிரிகளையும் அவர் ஓராண்டு வைத்திருப்பார். அடுத்த ஆண்டு அதே பெயரில் காய் வந்தால், முதலில் பழைய பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் புதியதைத் தொடுவார். அந்த வழக்கம் பாண்டியராஜனுக்கும் தெரிந்ததுதான்.

"சரிங்கய்யா" என்றார் பாண்டியராஜன்.

படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் நாவில் கிடந்து கசந்தது. பொய்யைக் கொண்டுபோனவர் அவர்; பழியைச் சுமந்து அலமாரியில் அமர்ந்திருப்பவள் அவள். கைப்பேசி அழைத்தது.

"அண்ணே, பாத்தாராண்ணே? வாசம் புடிச்சுதா அவருக்கு?"

அவர் கிடங்கின் மாடியை நிமிர்ந்து பார்த்தார். தெருவில் சுமையேற்றும் இரைச்சலில் தன் குரல் கேட்கவில்லை போலும் என்று வசந்தி உரக்கச் சொன்னாள். "காய் வச்ச ரூமுல மூணு மாசமா வேற ஒரு சாமானும் வைக்கலண்ணே. நான் குழம்பு வச்ச வாடைகூட அண்டவிடல. அதச் சொன்னீங்களாண்ணே அவருகிட்ட?"

"சொல்றேம்மா" என்று வைத்துவிட்டு, அவர் மறுபடி படியேறினார். மரப்படிகள் பதினெட்டு. இறங்கும்போது அவர் எண்ணவில்லை.

ராமபத்ரன் நிமிர்ந்து பார்த்தார். குடையை மறந்துவிட்டாரோ என்று எண்ணியிருக்க வேண்டும். அவர் கண்கள் நாற்காலியடியில் தேடின.

"அது அந்தப் பிள்ளையோட காய் இல்லங்கய்யா" என்றார் பாண்டியராஜன். "பஸ்ஸுல தூங்கிட்டேன். பை போயிருச்சு. இது கீழ கடையில வாங்குனது. அவ பேர எழுதுனதும் நாந்தான்."

தேநீர்க் கோப்பையில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"ஒரு நாள் பொறுங்கய்யா, அவளத் தள்ளிராதீங்க. வேற ஆளு கையில நாளைக்கே அனுப்பச் சொல்றேன். நான் வரல."

ராமபத்ரன் எழுந்து அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். வசந்தி என்ற பெயரின் மீது நேராக ஒரு கோடு இழுத்தார். கீழே தாம் எழுதிய இரண்டு சொற்களை அப்படியே விட்டார்.

"வாங்கி வெச்ச மாதிரியைத் தூக்கிப் போடற சம்பிரதாயம் இங்கே இல்லை" என்றார், குரலில் சினம் சிறிதுமின்றி. "அப்போ இதுல யார் பேரை எழுதட்டும்?"

பேனாமுனை பொட்டலத்துக்கு ஒரு நெல்லளவு மேலே நின்றது. காயலில் பட்ட உச்சிவெயில் சன்னல் வழியே ஏறிவந்து, அடித்த பெயரின் பக்கத்தில் வெறுமையாயிருந்த தாளின்மேல் அலையலையாய் ஆடிக்கொண்டிருந்தது.