நன்றியுரை சொல்பவள்

எங்கள் கட்சியில் பெண்களுக்கு மேடையில் இரண்டு வேலை உண்டு. கூட்டம் தொடங்கும்போது வரவேற்புரை, முடியும்போது நன்றியுரை. வரவேற்கும்போது ஆள் வந்து சேர்ந்திருக்காது. நன்றி சொல்லும்போது பாதிப் பேர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். நடுவில் நாட்டைப் பற்றிப் பேசுவதெல்லாம் ஆண்கள். மகளிர் அணிச் செயலாளர் என்ற முறையில் நன்றியுரை என் பங்கு. நான் மைக்கைப் பிடிக்கும் நேரத்துக்கு எதிரே நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒயரைச் சுற்றத் தொடங்கும் முதல் ஆள் என் வீட்டுக்காரர். கட்சிக்கு மைக்செட் போடுவது அவர்தான். தலைவர் பேசி முடித்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கழற்றப் போய்விடுவார். நன்றியுரைக்கு மேடைக்கு முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி போதும் என்பது அவர்கள் தொழில் வழக்கம். எந்த மைக்செட்காரரும் அப்படித்தான் செய்வார். அதைப் பற்றி வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன். "நீ பேசறதத்தான் வீட்டுல தினமும் கேக்கறேனே" என்பார். என்னத்தைக் கேட்கிறார்? நான் வாயைத் திறந்தால் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

ஆனால் நன்றியுரையை இளக்காரமாக நினைக்க வேண்டாம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேடையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் ஒருவர்கூட அந்த நேரத்தில் எழுந்து போகமாட்டார்கள். தன் பெயர் வரும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். பெயர் முன்னே பின்னே மாறிவிட்டால் மறுநாள் அலுவலகத்தில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். ஒருமுறை லாரிக்காரர் பெயரை விட்டுவிட்டேன். ஊரில் ஓடும் லாரிகளில் பாதி அவருடையது, அதோடு மாவட்டச் செயலாளரின் மைத்துனர். அடுத்த கூட்டத்தில் அவர் பெயரைச் சற்று இழுத்துச் சொல்லும்வரை மனிதர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரசார வண்டியில் ஒலிக்கும் குரல் என்னுடையது. எங்கள் வீட்டுப் பின்னறையில் சுவர் தெரியாமல் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்வோம். 'உங்கள் வாக்குகளை அண்ணனுக்கே அளியுங்கள்' என்று எத்தனை அண்ணன்மாருக்குக் கேட்டிருப்பேன்! அவர்களில் இரண்டு பேர் அமைச்சரும் ஆனார்கள். கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவனுக்காக ஒரு நாள்கூட நான் யாரிடமும் போய் நின்றதில்லை.

இந்தத் தேர்தலுக்கு முன்னால் தலைவர் எங்கள் ஊர் அலுவலகத்துக்கு வந்தார். மகளிர் அணி மொத்தமும் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றது. வீடு வீடாகப் போவது நாங்கள், ஆள் திரட்டுவது நாங்கள், சட்டமன்றத்துக்குப் போவது மட்டும் எப்போதும் வேறு யாரோவா என்று கேட்டுவிட்டேன். தலைவர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு பின்னால் நின்ற கும்பலைப் பார்த்தார்.

"இந்தத் தடவை நீதாம்மா. போய் வேலையப் பாரு" என்றார்.

டீச்சர் சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளியதில் சிவந்துவிட்டது. அவர் எங்கள் துணைச் செயலாளர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வீட்டுக்கு நடந்து வந்ததே தெரியவில்லை.

எனக்கு அந்த இடத்தின் மேல் ஆசை. ஆண்கள் ஆசைப்பட்டால் லட்சியம், நாங்கள் ஆசைப்பட்டால் பதவிப் பைத்தியம். இருந்துவிட்டுப் போகட்டும், பைத்தியம்தான். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் தண்ணீர் வரவில்லை என்று நானும் டீச்சரும் எழுதிக் கொடுக்காத மனு இல்லை. ஒவ்வொரு மனுவும் ஏதாவது ஒரு அண்ணனின் மேசைவரை போகும், அங்கேயே படுத்துக்கொள்ளும். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

சரியாக ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்று பிடரியைச் சொறிந்தார். மாவட்டச் செயலாளர் போன் செய்தாராம். பிரசார வண்டிக்குத் திங்கட்கிழமைக்குள் பதிவு செய்து தர வேண்டுமாம்.

"என் பேருக்கா?" என்று கேட்டேன்.

"லாரிக்காரர் பேருக்கு."

"யார் குரல்ல?"

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "உன் குரல்லதான் வேணுமாம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் பால் இருப்பதையே மறந்து நேரே கட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டேன். பொங்கி வழிந்ததை அவர்தான் துடைத்தாராம்.

மாவட்டச் செயலாளர் என்னை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அப்போதே காரியம் கெட்டது என்று தெரிந்துகொண்டேன். மற்ற நாளில் நின்றபடியே பேசி அனுப்பிவிடுவார். தலைவர் அன்றைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னது அது என்றார். தேர்தல் என்றால் செலவு, ஆள், அலைச்சல், அதெல்லாம் என்னால் முடியாது என்றார். அடுத்த முறை பார்க்கலாமாம். ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை, திங்கள் அன்று தலைமையிலிருந்து பட்டியல் வரும், அதுவரை மூச்சு விடக்கூடாது என்றார். நான் டீயைக் குடித்து முடித்தேன். வாசல்வரை வந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழமை நன்றியுரைய மறந்துடாத."

மறப்பேனா?

ஞாயிறு மாலை கூட்டம் நிரம்பி வழிந்தது. தலைவர் வழக்கம்போலப் பேசினார். பெண்கள்தான் இந்த நாட்டின் கண்கள் என்றார், கைதட்டினார்கள். லாரிக்காரர் புதுச் சட்டையில் மேடை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையைப் பார்த்தால் பட்டியல் எதற்கு?

தலைவர் பேசி முடித்ததும் என்னை அழைத்தார்கள். நாற்காலிகள் மடங்கத் தொடங்கின. எங்கள் பெண்கள் மட்டும் கடைசியில் நின்றார்கள். நான் முடித்து இறங்கினால்தான் எல்லோரும் சேர்ந்து நடந்து வீட்டுக்குப் போக முடியும், அதனால் எப்போதும் நிற்பார்கள். நான் எதையும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, டீச்சரிடம்கூட.

வரிசை பிசகாமல் நன்றி சொன்னேன். பந்தல் போட்டவர், காவல்துறை, பத்திரிகையாளர்கள், கிளைச் செயலாளர்கள். லாரிக்காரர் பெயரை வேண்டுமென்றே நன்றாக இழுத்தேன், மனிதர் மலர்ந்துபோனார். மாவட்டச் செயலாளருக்குச் சொன்னேன். கடைசியாகத் தலைவர். அவர் எழுந்திருக்கத் தயாராகக் கைகளை நாற்காலியில் ஊன்றிக்கொண்டார்.

"இந்தத் தொகுதியில, இந்தத் தேர்தல்ல, என்னையே வேட்பாளரா நிறுத்தறேன்னு மகளிர் அணி முன்னால வாக்குக் குடுத்து, அந்த வாக்க இன்னிக்கு வரைக்கும் மாத்திக்காம இருக்கற நம்ம தலைவருக்கு, இந்த ஊர்ப் பெண்கள் சார்பா நன்றி."

மேடை அப்படியே உறைந்தது. லாரிக்காரரின் சிரிப்பு மட்டும் இறங்க மறந்து அங்கேயே இருந்தது. பின்னால் டீச்சர்தான் முதலில் கைதட்டினார். பிறகு எங்கள் பெண்கள் எல்லோரும். பையை மூடிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர்கள் மறுபடியும் திறந்தார்கள்.

நான் நிறுத்தவில்லை. தொகுதிப் பெண்களின் பிரசவ வார்டுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போகும் தலைவருக்கு நன்றி என்று தொடர்ந்தேன். அப்போதுதான் மாவட்டச் செயலாளர் மேடையோரம் போய்க் கீழே என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கையால் அறுப்பதுபோலக் காட்டுவதைக் கண்டேன். மைக்கை நிறுத்து என்கிறார். ஆம்ப்ளிஃபயர் பெட்டி என் வீட்டுக்காரரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது, ஒரு விரல் போதும். கட்சிக் கூட்டம் கைவிட்டுப் போனால் எங்களுக்கு மிஞ்சுவது கல்யாணமும் சாவும்தான், அதில் குடும்பம் ஓடாது. அவர் பெட்டியின் மேல் குனிந்தார். முடிந்தது என்று நினைத்தேன். என் வாய் பேசிக்கொண்டே இருந்தது.

குரல் நிற்கவில்லை. அது மட்டுமல்ல, தெருக்கோடியிலிருந்தும் என் குரல் எனக்கே கேட்டது. அன்றைக்கு மனிதர் ஏணியைத் தொடவே இல்லை. வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்த சனம் தெருவில் அங்கங்கே நின்று திரும்பிப் பார்த்தது. செயலாளர் திரும்பத் திரும்பக் கையைக் காட்டினார், இவர் பெட்டியின் பின்பக்கம் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். திடீரென்று நிறுத்தினால் பெட்டி போய்விடும் என்று பிறகு காரணம் சொன்னாராம். எந்தப் பெட்டியும் அப்படிப் போகாது, அது எனக்கே தெரியும்.

கேமராக்கள் திரும்பியதும் தலைவர் எழுந்து சிரித்துக்கொண்டு கையை உயர்த்தி அசைத்தார். வேறு என்ன செய்வார்?

மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பத்திரிகையில் வந்துவிட்டதால் உங்கள் வீட்டை ஏமாற்ற முடியாது என்றார். பிறகு என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சீட்ட உங்க வீட்டுக்கே குடுத்துடறேன். நீங்க நில்லுங்க. பேசறதெல்லாம் அவங்க பாத்துக்கட்டும். புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

என் வீட்டுக்காரர் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஏதாவது பிடித்துப்போனால் அப்படித்தான் செய்வார். காலமெல்லாம் மேடைக்குக் கீழே குந்தியிருந்த மனிதர், ஒரு கணம் மேலே ஏறிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் முந்தின நாள் மேடையில் பயந்ததைவிட அந்த ஒரு கணம் அதிகமாகப் பயந்தேன். அவர் சரி என்று சொல்லிவிட்டால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

"ஒண்ணுதான்னா என் பேர்லயே இருக்கட்டுமே" என்றேன்.

தலைவர் இன்னும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கீழ நிக்கறவன்ங்க" என்றார் என் வீட்டுக்காரர். "நானும் மேல ஏறிட்டா ஒயர யார் பாக்கறது?"

படிக்கட்டில் டீச்சரும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். துண்டறிக்கைக் கட்டுகளை வாங்கிப் போக வேண்டிய நாள் அது, ஒருத்தியும் கட்டைத் தொடவில்லை. தலைவர் எழுந்து சன்னல் வழியாக அவர்களைப் பார்த்தார். லாரிக்காரருக்காக வீடு வீடாக ஏறி இறங்க லாரியா போகும்? செயலாளரை அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வராந்தாவில் காத்திருந்தோம். மத்தியானம் வந்த பட்டியலில் என் பெயர் இருந்தது.

அன்று மாலையே பின்னறையில் பதிவுக்கு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"உங்கள் வாக்குகளை அண்ணனுக்கே..." என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தினார். நான் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன், மறுபடியும் அண்ணன்தான் வந்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது முறை சிரிப்பு வரவில்லை. எனக்கு என்ற சொல் வாய்வரை வந்து நின்றது, அதற்கு மேல் வர மாட்டேன் என்றது. ஊருக்கெல்லாம் கேட்டுக் கொடுத்த வாய்க்குத் தனக்கென்று கேட்க வெட்கம். கம்பளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பதிவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். கடைசியில் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பியது. நான் அடுப்படியில் பாலுக்குக் காவல் நின்றேன். இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்குரல் கேட்டது. எனக்கு வாக்களியுங்கள், எனக்கே வாக்களியுங்கள் என்று கூச்சமே இல்லாமல் கேட்டுக்கொண்டே வந்தது. யாருடி இவள், என்ன துணிச்சல் இவளுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.