குறட்டை

தம்பி செத்த பதினேழாம் நாள் மதியம் அவள் அண்ணனின் டயர் கடைக்குச் சாப்பாடு எடுத்துப் போனபோது, அவன் யாரோ ஒருவனுடைய தலையைப் பஞ்சர் தொட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான்.

ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்ததால் குனிந்துதான் உள்ளே போனாள். ட்யூபில் ஓட்டை எங்கே என்று பார்க்கிற அந்தச் சிமெண்ட் தொட்டியில் கறுத்த தண்ணீர் எப்போதும் விளிம்புவரை நிற்கும். இப்போது பாதி தரையில் ஓடியது. உள்ளே இருப்பது யார் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, உதைத்துக்கொண்டிருந்த நீண்ட கால்களே போதும். ஒட்டடை. தம்பியின் கூட்டாளி. ஒட்டடைக் குச்சிக்குச் சட்டை மாட்டியதுபோல் இருக்கிறான் என்று தம்பிதான் அந்தப் பெயரை வைத்தான்.

அண்ணன் முடியைப் பிடித்துத் தலையை வெளியே இழுத்தான்.

"சொல்றா. என்னத்த குடுத்த அவனுக்கு?"

"ரெண்டு பேரும் சேந்துதாண்ணே போதை மாத்திரை வாங்கினோம். அவன் என்னவிட ஜாஸ்தி போட்டுட்டான்..."

"அதெப்படிடா நீ மட்டும் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்க?"

ஒட்டடை இருமினான். அண்ணன் டயர் கழற்றும் இரும்பு லிவரை எடுத்தான். ஒட்டடையின் வலது கையைத் தொட்டி விளிம்பில் வைத்து மணிக்கட்டுக்கு மேலே ஒரே போடு போட்டான். பென்சில் ஒடிவதுபோல் சின்னச் சத்தம்தான் வந்தது. கத்தல்தான் கடை முழுக்க மோதித் திரும்பியது.

"அண்ணா, விடு! செத்துருவான்!"

"சாகட்டும். சாப்பாட்ட அங்க வச்சுட்டு நீ கிளம்பு. இவன முடிச்சுட்டுத்தான் சாப்பிடுவேன்."

தட்டைக் கழுவிவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று சொல்கிற அதே குரல். சொன்னால் செய்கிறவன்.

"அவன் அவ்வளவு போட்டான்னு உனக்குத் தெரியுமில்ல?" அண்ணன் ஒட்டடையின் கன்னத்தில் லிவரின் நுனியை அழுத்தினான். "எங்க வீட்டுக்கு ஒரு போன் பண்ணி சொன்னா என்ன? வாய தச்சா வச்சிருந்த?"

ஒட்டடை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு தரையைப் பார்த்தான்.

"பண்ணலண்ணே. பயந்துட்டேன்."

அவன் பண்ணியிருந்தான். பன்னிரண்டு பத்துக்கு, அவளுடைய போனுக்கு.

தம்பி செத்த அன்று அச்சகத்தில் அவளுக்கு வாராந்திர விடுமுறை. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். தம்பி உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். லாரி ஓட்டிய அப்பா இருந்த காலத்திலிருந்தே அந்த வீட்டில் குறட்டை என்றால் நல்ல செய்தி. போன மனுஷன் முழுசாகத் திரும்பி வந்து படுத்துவிட்டார் என்று அர்த்தம். நாலு மாதமாகத் தூக்கம் பிடிக்காமல் கூண்டுப் புலிபோல் அறைக்குள் நடந்துகொண்டிருந்த தம்பி இன்றைக்காவது கண்ணயர்ந்தானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நேரத்தில்தான் போன் வந்தது.

"அக்கா, அவன எழுப்புங்கக்கா. தண்ணி ஊத்துங்க, எதாவது பண்ணுங்க."

"ஏண்டா, அவன் தூங்குறது உனக்குப் பொறுக்கலையா? குறட்டை வாசல் வரைக்கும் கேக்குது. நீ கெட்டதும் போதும், அவனக் கெடுத்ததும் போதும். வைடா போன."

வைத்துவிட்டு, வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் ஜன்னலையும் சாத்தினாள். மூன்று மணிக்குத் தேநீரோடு போனபோது சத்தம் நின்றிருந்தது. உதடு மசி தொட்டதுபோல் நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "குறட்டை மாதிரி சத்தம் கேட்டுச்சா? அது தூக்கமில்லம்மா, மூச்சு அடைபடுற சத்தம்." அவள் இல்லை என்றாள். நான் கடையில இருந்தேன் என்றான் அண்ணன். போனில் பதிவாகியிருந்த அந்த அழைப்பை அன்றே அழித்துவிட்டாள்.

இப்போது அண்ணன் மறுபடியும் ஒட்டடையின் பிடரியைப் பிடித்து அமுக்கினான். குமிழிகள் கொத்தாக வந்தன. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கால்களின் உதைப்பு தளர்ந்தது. இவன் போய்விட்டால் அந்த அழைப்பைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளும் போய்விடுவான் என்று அவள் மனசு ஒரு கணக்குப் போட்டது. அப்படிப் போட்டதை அவளால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை. அண்ணன் தலையைத் தூக்கினான். ஒட்டடையின் தொண்டையிலிருந்து களகளவென்று ஒரு சத்தம் வந்தது.

அதே சத்தம்.

"அவன் போன் பண்ணான்!" என்று கத்தினாள். "எனக்குப் பண்ணான். எழுப்பச் சொன்னான். நான்தான் திட்டி வச்சுட்டேன். குறட்டை கேட்டுச்சு, தூங்குறான்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."

அண்ணன் ஒட்டடையைக் கீழே போட்டான். வந்த வேகத்தில் விட்ட அறையில் அவள் பறந்துபோய் டயர் அடுக்கில் விழுந்தாள். நாலைந்து டயர்கள் அவள்மேல் சரிந்தன. வாயில் இரும்புச் சுவை. ஒவ்வொரு டயராகத் தூக்கி வீசிவிட்டு அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தான். லிவர் உயர்ந்தது. உடையாத கையால் ஒட்டடை அவன் காலைக் கட்டிக்கொண்டான்.

"அக்காவ விடுண்ணே! என்ன அடிண்ணே!"

"எத்தன மணிக்கு?" என்றான் அண்ணன்.

"என்னது?"

"போன்! எத்தன மணிக்குடி வந்துச்சு?"

"பன்னெண்டு பத்து."

கை இறங்கியது. லிவர் தரையில் விழுந்து உருண்டது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எதையோ தட்டினான். போனிலிருந்து தம்பியின் குறட்டை கேட்டது. அதன்மேல் அண்ணனின் சிரிப்பு: "அடேய் லாரி, எந்த மேட்ல ஏறுற? எந்திரி, இத உனக்கே போட்டுக் காட்டுறேன்." நாற்பது விநாடி. கடைசியில் கதவை மெல்லச் சாத்தும் சத்தம்.

"ஒரு மணிக்கு எடுத்தேன்," என்றான். "சாப்பிட வந்தேன். நீ சாமான் வாங்கப் போயிருந்த. ஒரு மணிக்குக்கூட உசுரோடதான் இருந்தான். நான் நின்னு சிரிச்சிருக்கேன்."

போனை மேஜைமேல் வைத்தான். தொட்டிக்குப் போய் முட்டி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டான். முகம் கழுவுகிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். குமிழிகள் கொத்தாக வந்தன. விளிம்பைப் பிடித்த கைகள் இன்னும் இறுகின. குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அக்கா!" என்றான் ஒட்டடை.

இருவரும் பாய்ந்தார்கள். அவள் காலரைப் பிடித்தாள், அவன் ஒற்றைக் கையால் பெல்ட்டைப் பிடித்தான். எருமைபோல் அசைய மறுத்தான் அண்ணன். முழங்கை பின்னால் வந்து அவள் விலாவில் இடித்தது. அண்ணனின் காதைக் கடித்தாள். சட்டை கிழிய, மூன்று பேரும் ஒன்றாக மல்லாந்து விழுந்தார்கள்.

அண்ணன் கண்ணை மூடிக் கிடந்தான். தொண்டையில் களகளவென்று அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

"தூங்க விடாதீங்கக்கா!"

அவள் அண்ணன் மார்மேல் ஏறி உட்கார்ந்தாள். வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று. "எந்திரிடா! எந்திரிடா நாயே!" பிறந்ததிலிருந்து அண்ணனை டா போட்டுப் பேசியதில்லை. தோளைப் பிடித்துப் புரட்டி முதுகில் குத்தினாள். கறுப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தான். அப்போதும் அவள் நிறுத்தவில்லை. திரும்பப் புரட்டிப் போட்டு அறைந்தாள்.

கண் திறந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும்டி. வலிக்குது."

"வலிக்கட்டும்," என்று மற்ற கையால் இன்னொன்று வைத்தாள்.