மேசையின் விளிம்பு

பதினோரு நாடு பார்த்தவள் என்று வேப்பம்பட்டில் என்னைச் சொல்வார்கள். நான் பார்த்தது பதினோரு ஏர்போர்ட்டும் பதினோரு உள்ளரங்கமும்தான். டேபிள் டென்னிஸ் ஆடுகிறவளுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான். வயது முப்பத்து மூன்று. தோள்பட்டையில் மூன்று ஊசி. போதும் ஆண்டவரே, போதும்.

விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வழியில்லை. என் கணவர் ஜெரால்ட், தேர்வாய் கண்டிகை ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து எனக்குச் சப்பாத்தி போடும் மனுஷன். "இன்னும் ஒரே வருஷம் ஜெனி" என்பார். சர்ச்சில் எனக்காக ஜெபம் வேறு. ஆட்டம் போனால், ஆட்டத்துக்காக எனக்கு வேலை கொடுத்த காக்களூர் கம்பெனியின் ஸ்டோர்ஸில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலிக்குத்தான் ஏங்கினேன். நானாக விட்டால் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். தோற்றால் யார் என்ன சொல்ல முடியும்?

அதனால் இந்திய அணித் தேர்வின் கடைசி ஆட்டத்துக்குத் தோற்கவே போனேன். எதிரே அருணா, பத்தொன்பது வயது. ஜெயிப்பவளுக்கு அணியில் இடம், இன்னும் ஒரு வருடம் பயிற்சி முகாம்.

தோற்க நினைத்தால் முடிகிறதா? சனியன் பிடித்த கை! வெளியே அடி என்று நினைப்பதற்குள் பந்தை மூலையில் வைத்துவிடுகிறது. கடைசி செட்டில் அருணா பத்து, நான் ஒன்பது; இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் அவளுக்கு. அவள் ஓங்கி அடித்த பந்து மேசையைத் தாண்டி என் இடுப்போரம் பறந்தது. மேசையில் படவேயில்லை. நடுவர் எனக்குப் பாயிண்ட் கொடுத்தார். இனி இந்தக் கை ஜெயித்துத் தொலைக்கும் என்று எனக்குத் தெரியும்.

கையைத் தூக்கினேன். "இல்ல சார். விளிம்புல பட்டுச்சு."

விளிம்பில் உரசினால் அடித்தவருக்குப் பாயிண்ட். அதை எதிரே நிற்பவரே ஒப்புக்கொள்வது எங்கள் ஆட்டத்தின் மரியாதை. நடுவர் தீர்ப்பை மாற்றினார். ஆட்டம் முடிந்தது. அரங்கமே எழுந்து எனக்குக் கைதட்டியது.

ஜெரால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தோத்தா இன்னா ஜெனி? இப்டி உண்மை பேச எவளுக்கு தில்லு இருக்கு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில் ஷூவைக் கழற்றும்போது அருணா வந்து நின்றாள். ஜெயித்த முகமே இல்லை.

"அக்கா, அது படலக்கா. நான் பாத்துக்குனுதான் இருந்தேன்."

"பட்டுச்சும்மா."

"நீங்க வுட்டுக் குடுத்துட்டீங்க. அப்ப நான் ஜெயிக்கலியா?"

சுரீர் என்றது. என் களைப்பை மட்டும்தான் யோசித்தேன். எதிரே நிற்பவளும் வருடக்கணக்கில் உழைத்து வந்தவள் என்று யோசிக்கவேயில்லை. பாவி நான். இப்போது உண்மையைச் சொன்னால் இவள் முகாமுக்கே போகமாட்டாள்.

"என் பக்கத்து விளிம்பு எனக்குத் தெரியாதா? போடி, போய் டீ குடி" என்று அதட்டினேன்.

அவள் நம்பவில்லை. வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"அடுத்த தபா ஆடும்போது உங்கள நெஜமாவே ஜெயிக்கிறேங்கா."

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. கழற்றிய ஷூவைப் பைக்குள் போட்டு மூடினேன்.